கடல் கடந்த பிள்ளைகளும் கொழும்பில் தனித்த பெற்றோரும்

1983 இனக் கலவரத்துக்குப் பிறகும் தொண்ணூறுகளிலும் பிள்ளைகளை லண்டனுக்கும் கனடாவுக்கும் அனுப்பிவிட்டு, கொழும்பு வெள்ளவத்தையிலேயே தங்கிவிட்ட பெற்றோர் பலர். காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளின் தொடர்மாடிகளில், முதியவர்கள் மட்டுமே இருக்கும் வீடுகள் எத்தனையோ. நானும் லண்டனில் இருந்தபடி அம்மாவைத் தொலைபேசியில் பார்க்கும் பிள்ளைதான். நாங்கள் காசில் குறை வைப்பதில்லை, பாசத்திலும் குறை இல்லை. அவர்களுடைய உடம்பைப் பற்றிய விவரம்தான் எங்களிடம் போதாது.

ஒரே மருந்து, இரண்டு பெயர்

அம்மாவின் மருந்துகள் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கின்றன. நான் கொடுத்துவிட்டவை, ரொறொன்ரோவிலிருந்து தங்கச்சி கொண்டுவந்தவை, ஒழுங்கை முகப்புப் பாமசியில் வாங்கியவை என்று மூன்று நாட்டு அட்டைகள். கொழும்பில் பனடோல், கனடாவில் டைலனோல், இரண்டுமே பரசிற்றமோல். முழங்கால் நோவுக்கு ஒன்று, தலையிடிக்கு மற்றது என்று போட்டால் அளவு இரட்டிப்பாகும். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை எட்டுத்தான் உச்சம். மெலிந்த முதியவர்களுக்கு அதிலும் குறைவு. தாண்டினால் ஈரல் பழுதாகும்.

சீனி, பிரஷர் மருந்துகளிலும் இதே சிக்கல் உண்டு. அட்டையில் பெரிதாக இருப்பது கம்பனி வைத்த பெயர். கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. வீடியோவில் ஒவ்வோர் அட்டையாகக் காட்டச் சொல்லி, அந்தச் சின்ன எழுத்தைக் குறித்து வையுங்கள். அடுத்த கிளினிக்குக்கு அந்தப் பட்டியலும் போகட்டும்.

180 என்றால் எவ்வளவு?

கொழும்பில் இரத்தச் சீனியை மில்லிகிராமில் சொல்கிறார்கள். லண்டனிலும் கனடாவிலும் மில்லிமோலில். அம்மா சொல்லும் 180, இங்கே 10. பதினெட்டால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். வெறும் வயிற்றில் 126, இங்கே 7, அதுதான் நீரிழிவின் தொடக்க எல்லை.

கேட்கிற பிள்ளையும் தன் சீனியைப் பார்க்க வேண்டும். ஆசியர்களுக்கு உடல் நிறைச் சுட்டி (BMI) 23ஐத் தொடும்போதே நீரிழிவு ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் எழுதினார்கள். இரவு வேலை, நேரந்தவறிய சாப்பாடு என்று வாழும் எங்கள் ஆட்களுக்கு இது நெருக்கமான செய்தி.

அழைப்பு எடுக்கும் நேரம்

குளிர்காலத்தில் லண்டனில் மாலை ஆறரை என்றால் வெள்ளவத்தையில் நடுச்சாமம். வேலை முடிந்து நாங்கள் எடுக்கும் அழைப்புக்காக அவர்கள் விழித்திருக்கிறார்கள். சிலர் சாப்பாட்டையும் தள்ளிப்போடுகிறார்கள். இன்சுலின் ஏற்றுபவருக்கும், கிளிக்ளசைட் போன்ற மாத்திரை எடுப்பவருக்கும் இது ஆபத்து: சீனி இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுத் தடுமாறும். மதிய இடைவேளையில், ஒரு மணிக்கு எடுத்தால் அங்கே மாலை ஆறரைதான்.

“சாப்பிட்டீங்களோ?” என்றால் “ஓம்” என்றுதான் பதில் வரும். தனியாளுக்குச் சமைக்க மனம் வராமல், பாணும் சீனி போட்ட தேத்தண்ணியுமாகப் பொழுது போயிருக்கும். “என்ன கறி வைச்சனீங்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். குத்தரிசிச் சோறும் முருங்கையிலையும் பருப்பும் என்று அம்மா விரித்துச் சொல்கிற நாளில் எனக்கு மனம் ஆறுதலாக இருக்கும்.

பக்கத்து வீட்டு இலக்கம்

கொழும்பின் இன்னொரு பகுதியான கொட்டாஞ்சேனையின் பழைய மாடிவீடுகளில் படிகள் செங்குத்து. விழுந்தவர் குரல் கீழே கேட்காது. முகம் ஒரு பக்கம் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணித்தியாலத்துக்குள்தான் பெரும்பாலும் பயன்படும். 2016இல் இந்திய உதவியுடன் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் காசில்லாமல் வரும். அந்த அழைப்பை அங்கே இருப்பவர்தான் எடுக்க வேண்டும்.

ஆகவே அடுத்த வீட்டுக்காரரின் இலக்கம் உங்கள் தொலைபேசியில் இருக்க வேண்டும், வீட்டுத் திறப்பு ஒன்று அவர்களிடம் இருக்க வேண்டும். ஒன்றும் நடக்காத நாளிலும் அவர்களுக்கு எடுத்துக் கதையுங்கள், அவர்களுடைய சுகத்தையும் கேளுங்கள். அங்கேயும் ஒரு பிரஷர்காரர், ஒரு சீனிக்காரர் இருப்பார். அவர்களோடு நடக்கப் போனால் அம்மாவுக்கும் துணையாகும்.