எல்லா முள்ளும் ஒன்றாகப் பொய் சொன்னால்

எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், லாரிக்குப் பேர் வாங்குவதற்கு முன்னால் ஆஸ்டின் ஏ40 காரைத்தான் பூட்டி இறக்கியது. 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆனது. சென்னையின் தென்கோடியில், வண்டலூர்ப் பக்கம், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் அந்த வண்டிக்கு டிரையம்ஃப் ஹெரால்டு என்று பெயர். அதன் சேசிஸைக் குட்டையாக்கி 1962-இல் அங்கே செய்த ஸ்போர்ட்ஸ் கார்தான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய காலத்தில் ஹெரால்டும் அங்கே சீறியிருக்கிறது.

இந்தக் குடும்பத்து வண்டி ஒன்றை ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ வைத்துக் காப்பாற்றுகிறவருக்கு என்ஜினைவிட அதிகம் தொல்லை தருவது டேஷ்போர்டு. டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கும், முள் காலி என்று காட்டும். ரேடியேட்டர் கொதிக்கும், டெம்பரேச்சர் முள் குளிர்ந்த பக்கமே படுத்துக் கிடக்கும். உடனே கேஜைக் கழற்றிக்கொண்டு புதுப்பேட்டைக்கு ஓடுவது நம் பழக்கம். அது வேண்டாம். கேஜ் கெடுவது அபூர்வம். அதற்கு மின்சாரம் வருகிற வழியும், வந்த மின்சாரம் திரும்பிப் போகிற வழியும்தான் பெரும்பாலும் கெடுகின்றன.

வழி புரிய வேண்டுமானால் அடுக்களைக்குப் போகலாம். சிலிண்டருக்குள் கேஸ் அழுத்தம் அதிகம். வெயில் ஏறினால் ஏறும், குளிர்ந்தால் இறங்கும். அதை அப்படியே அடுப்புக்கு விட முடியாது. ரெகுலேட்டர் அதைக் குறைத்து ஒரே சீராக அனுப்புகிறது. பிறகு டியூப், அடுப்பில் ஒவ்வொரு பர்னருக்கும் ஒரு குமிழ், மேலே தீ. காரில் சிலிண்டரின் இடத்தில் பேட்டரி. நின்றிருக்கும்போது பன்னிரண்டரை வோல்ட், டைனமோ சார்ஜ் செய்யும்போது பதினான்கு வரை போகும். ரெகுலேட்டரின் இடத்தில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். குமிழ்களாக இருப்பவை பெட்ரோல் டேங்கில் மிதக்கும் ஃப்ளோட்டும் என்ஜினில் திருகியிருக்கும், தண்ணீரின் சூட்டை உணரும் டெம்பரேச்சர் சென்டரும். டேங்க் நிறைந்தால் ஃப்ளோட் மேலே வந்து மின்தடை குறையும், குமிழைத் திறந்ததுபோல. தண்ணீர் சூடானால் சென்டரின் தடையும் அப்படியே குறையும். தீ எவ்வளவு உயர்கிறதோ அதுதான் முள்.

ஒரு பர்னர் மட்டும் மங்கி எரிந்தால் யாரும் ரெகுலேட்டரை மாற்றுவதில்லை. அந்த பர்னரைத்தான் பார்ப்போம். இரண்டும் ஒரே நேரத்தில் பொங்கினாலோ மங்கினாலோ ரெகுலேட்டர் பக்கம் திரும்புவோம். கேஜ் பார்க்கும்போதும் முதல் கேள்வி அதுதான்: பொய் சொல்வது ஒரு முள்ளா, எல்லா முள்ளுமா?

ஆனால் ஓரிடத்தில் அடுப்பும் காரும் பிரிந்துபோகின்றன. எரிந்த கேஸ் சிலிண்டருக்குத் திரும்ப வேண்டியதில்லை. மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பியே ஆக வேண்டும். திரும்பும் பாதைக்குத் தனி வயர் பெரும்பாலும் கிடையாது. வண்டியின் இரும்புதான் பாதை. அதைத்தான் எர்த் என்கிறோம். ஹெரால்டில் பாடி தனி, சேசிஸ் தனி. பாடியே பல துண்டுகளாக போல்ட் போட்டு முடுக்கியது. ஒவ்வொரு போல்ட்டும் மின்சாரம் தாண்ட வேண்டிய ஒரு கதவு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டியே கிடக்கிற நம் பகுதியில் உப்புக் காற்று அந்தக் கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்துவிடுகிறது. வெளியில் பெயின்ட் பளபளக்கும், வாஷருக்கு அடியில் துரு பூத்திருக்கும்.

துரு என்றால் கூடுதல் தடை. தடை கூடினால் பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் இரண்டுமே கீழே இறங்கும். பெட்ரோல் குறைவாகக் காட்டினால் பங்கில் கூடுதலாக நிற்போம், அவ்வளவுதான். கொதிக்கும் என்ஜினைக் குளிர்ந்தது என்று காட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும். அதனால்தான் எர்த் விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன்.

அதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. இரண்டு முள்ளும் அளவுக்கு மேல் ஏறி நின்றால் டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு ஸ்டெபிலைசரைத் தேடுங்கள். கட்டை விரல் அகலத்துக்கு ஒரு தகர டப்பி, ஒரே திருகாணியில் நிற்கும். உள்ளே இரண்டு உலோகத்தை ஒட்டிய ஒரு பட்டை, அதன்மேல் சுற்றிய மெல்லிய கம்பி. கம்பியில் மின்சாரம் ஓடினால் பட்டை சூடேறி வளையும், தொடர்பு விடும். ஆறினால் நிமிரும், தொடர்பு சேரும். இப்படி விட்டு விட்டுக் கொடுத்துச் சராசரியாகப் பத்து வோல்ட்டை நிறுத்துகிறது. கேஜுக்குள் இருப்பதும் இதே மாதிரிப் பட்டைதான். மெதுவாகச் சூடாகி மெதுவாக நகர்வதால் இந்த விட்டு விட்டு வருவது முள்ளில் தெரியாது. அந்தக் கம்பிக்கு எர்த் கிடைப்பது டப்பியின் உடம்பு வழியாக. திருகாணி துருப்பிடித்தால் கம்பி சூடாகாது, பட்டை வளையாது, பேட்டரியின் முழு வோல்ட்டும் கேஜுக்குப் போய்விடும். திருகாணியைக் கழற்றி, உப்புத்தாளால் இரண்டு பக்கமும் வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து மாட்டினாலே பல வண்டிகளில் முள் இறங்கிவிடும்.

இன்னும் பழைய வண்டியில் ஸ்டெபிலைசரே இருக்காது. சாவியைத் திருப்பியதும் முள் சட்டென்று துள்ளினால் அந்த ரகம். சோம்பல் முறித்து மெல்ல எழுந்தால் ஸ்டெபிலைசர் உள்ள ரகம்.

ஒரு முள் மட்டும் கீழே கிடந்தால், கேஜின் பின்னால் ஃப்ளோட்டிலிருந்தோ சென்டரிலிருந்தோ வரும் வயரைக் கழற்றி, கேஜின் அந்த முனையை ஒரு துண்டு வயரால் ஒரு கணம் எர்த் செய்யுங்கள். முள் ஏறத் தொடங்கினால் கேஜ் நன்றாக இருக்கிறது, உடனே எடுத்துவிடுங்கள். இதை டேங்க் பக்கத்தில் செய்ய வேண்டாம். ஒரு பொறி போதும். கேஜுக்குப் பேட்டரியிலிருந்து நேராகப் பன்னிரண்டு வோல்ட் கொடுத்துச் சோதிக்கவும் வேண்டாம், உள்ளே கம்பி கருகும்.

டெம்பரேச்சர் சென்டருக்கு எர்த் அதன் மரை வழியாகத்தான். தண்ணீர் கசியக்கூடாது என்று குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் வெள்ளை டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் அந்த வழி அடைபடும். என்ஜினும் ரப்பர் மவுண்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதையும் சேசிஸையும் இணைக்கும் பின்னல் பட்டை அறுந்தால் மின்சாரம் வேறு வழி தேடும். ஸ்டார்ட்டரை ஓட்டும்போது சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் பட்டை போய்விட்டது என்று அர்த்தம்.

ஸ்பீடோமீட்டருக்கு இந்தக் கதை எதுவும் இல்லை. அதைச் சுழற்றுவது கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள். முள் நடுங்கினால் கேபிள் காய்ந்திருக்கும் அல்லது எங்கோ மடிந்திருக்கும். கிரீஸை மீட்டர் பக்கத்து முனைவரை பூசினால் அது மீட்டருக்குள் ஏறிவிடும். கீழ்ப்பாதிக்கு மட்டும் போதும்.

ஸ்டெபிலைசர் உண்மையிலேயே போய்விட்டால் ரிச்சி தெருவில் 7810 என்று கேளுங்கள். பத்து வோல்ட் சில்லு கிடைக்கும், டப்பிக்குள்ளேயே அடங்கும். அதைப் பூட்டும் முன் பேட்டரியில் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பாருங்கள். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ்வை எர்த் செய்தவை நிறைய. பட்டை வைத்த டப்பிக்கு இரண்டும் ஒன்றுதான், 7810-ஐ மாற்றிப் பூட்டினால் அடுத்த நொடியே புகையும்.