சுவருக்குள் என்ன இருக்கிறது? துளையிடும் முன் கருவியைத் தேர்வு செய்வது எப்படி

கொல்கத்தா: துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்களில் கொல்கத்தா வீடுகளில் வெள்ளையடிப்பும் பழுதுபார்ப்பும் மும்முரமாக நடைபெறுவது வழக்கம். ஏ.சி. பொருத்தவும், அலமாரி மாட்டவும், தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியைத் தொங்கவிடவும் சுவர்கள் துளையிடப்படுகின்றன. பூச்சுக்குப் பின்னால் செல்லும் 230 வோல்ட் மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ டிரில் முனையில் சிக்கிய பிறகே வெளியே தெரிகிறது. கம்பியானால் உயிருக்கு ஆபத்து. குழாயானால் கீழ்வீட்டுக் கூரைவரை ஒழுகும்.

இதைத் தவிர்ப்பதற்கான சுவர் டிடெக்டர்கள் இணையத்திலும், எஸ்ரா தெரு, சாந்தினி சந்தை போன்ற இடங்களிலும் கிடைக்கின்றன. ஓரிரு ஆயிரம் ரூபாய்க் கருவிக்கும் அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கருவிக்கும் உள்ள வேறுபாடு, அவை எதைக் காணும், எதைக் காணாது என்பதில்தான் இருக்கிறது.

மலிவான கருவிகளில் பெரும்பாலும் மூன்று வசதிகள் இருக்கும். உலோகத்தைக் காண்பது ஒன்று: கருவியிலுள்ள கம்பிச்சுருள் உருவாக்கும் காந்தப்புலம், அருகில் இரும்போ தாமிரமோ இருந்தால் மாறுபடும். மின்னோட்டமுள்ள கம்பியைக் காண்பது மற்றொன்று: 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னழுத்தம் தன்னைச் சுற்றி எழுப்பும் மின்புலத்தைக் கருவி உணர்கிறது. மூன்றாவது, 'ஸ்டட்' எனப்படும் மரச்சட்டத்தைத் தேடும் வசதி. அமெரிக்காவில் மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்துக் கட்டும் வீடுகளுக்காக உருவானது இது. செங்கல்லிலும் கான்கிரீட்டிலும் வாழும் நமக்கு இதனால் ஏறத்தாழ எந்தப் பயனும் இல்லை. விளம்பரத்தில் முதலில் காட்டப்படுவது இதுவே என்பது வேடிக்கை.

மூன்றுமே காணாத பொருள் ஒன்று உண்டு: பிளாஸ்டிக் குழாய். நியூ டவுன், ராஜர்ஹாட் பகுதிகளின் புதிய அடுக்குமாடி வீடுகளில் சுவருக்குள் செல்வது பெரும்பாலும் சி.பி.வி.சி. குழாய்தான், பழைய ஜி.ஐ. இரும்புக் குழாய் இல்லை. உலோக டிடெக்டருக்கு அது வெறும் சுவர். ரேடார் முறையில் இயங்கும் ஸ்கேனர்களே அதைக் காட்டும். அவை அனுப்பும் ரேடியோ அலை, மின் பண்பு மாறும் இடத்தில் எதிரொலிக்கிறது. செங்கல்லுக்கும் தண்ணீருக்கும் இடையே அந்த மாற்றம் மிகப் பெரிது. ஆகவே நீர் நிறைந்த பிளாஸ்டிக் குழாய் நன்கு தெரியும். வறண்ட குழாய் தப்பிவிடலாம். மாடித் தொட்டியை நிரப்பி, குழாயைச் சற்று ஓடவிட்டு மூடிய பிறகே ஸ்கேன் செய்ய வேண்டும். குளியலறை, சமையலறைச் சுவர்களில் வேலை இருப்பவர்கள் ரேடார் கருவிக்குச் செலவிடுவதில் பொருள் உண்டு. ஓர் ஏ.சி.க்காக மட்டும் அதை வாங்குவது வீண். அத்தகைய கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைப்பதே சிக்கனம்.

வடகொல்கத்தாவின் பழைய வீடுகள் வேறு வகை. சோபாபஜார், பாக்பஜார் வீதிகளில் 15, 20 அங்குலச் சுவர்களும், சுண்ணாம்போடு செங்கல் தூள் கலந்த சுர்க்கிச் சாந்தும் சாதாரணம். முல்லைப் பெரியாறு அணை குறித்த செய்திகளில் நாம் படித்த அதே சுர்க்கிதான். கூரை, 'கோரி-போர்கா' எனப்படும் இரும்பு அல்லது மர உத்தரங்களின் மேல் அமைந்தது. நமது மெட்ராஸ் டெரஸின் உறவினர் எனலாம். இரும்பு உத்தரம் சுவரில் இறங்கும் இடத்தில் உலோக டிடெக்டர் ஓயாமல் ஒலிக்கும். அதற்கருகே ஒரு மெல்லிய கம்பி சென்றால் தனியே தெரியாது. இரும்பையும் தாமிரத்தையும் வேறுபடுத்திக் காட்டும் கருவி இங்கே ஓரளவு உதவும்.

கொல்கத்தாவில் மின் விநியோகம் தொடங்கியது 1899இல். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மாற்றி மாற்றி அமைக்கப்பட்ட வயரிங் இந்த வீடுகளில் அடுக்கடுக்காக இருக்கக்கூடும். ஒரே மாளிகை பல குடித்தனங்களாகப் பிரிந்திருப்பதால், ஒருவர் சுவருக்குள் மற்றொருவர் மீட்டரிலிருந்து வரும் கம்பி செல்வதும் சாத்தியமே. 'மெயினை அணைத்துவிட்டேன்' என்ற நிம்மதி இங்கே செல்லாது. லேக் மார்க்கெட் பகுதியில் பழைய வாடகை வீடுகளில் குடியிருக்கும் தமிழர்களுக்கும் இது பொருந்தும்.

எனவே இருமுறை ஸ்கேன் செய்ய வேண்டும். முதலில் மின்சாரம் இருக்கும்போதே, அந்த அறையின் மின்விளக்கு, மின்விசிறி அனைத்தையும் இயக்கிவிட்டுத் தேட வேண்டும். சுவிட்சை அணைத்தால் அதிலிருந்து விளக்குக்குச் செல்லும் கம்பியில் மின்னழுத்தம் இராது. கருவியும் அதை உணராது. ஒலித்த இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து மீண்டும் தேட வேண்டும். அப்போதும் மின்னோட்ட எச்சரிக்கை வந்தால் அது வேறொருவரின் இணைப்பாக இருக்கலாம். டிரில்லைக் கீழே வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழைப்பதே முறை.

மழைக்காலம் மற்றொரு சிக்கல். ஈரமேறிய சுவர் மின்புலத்தைப் பரப்புவதால் சுவர் முழுவதும் மின்கம்பி இருப்பதுபோல் கருவி ஒலிக்கலாம். ரேடார் அலையும் ஈரத்தில் வலுவிழக்கும். வறண்ட சுவரில் நிலைமின்னும் குழப்பும். கருவிக்கு அருகே மற்றொரு உள்ளங்கையைச் சுவரில் பதித்தால் அது குறையும். பூஜைக்கு முன் முடிக்க வேண்டும் என்று ஈரச் சுவரைத் துளைப்பதைவிட, அது காயும்வரை காத்திருப்பது நல்லது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆழத்தையும் கவனித்துப் படிக்க வேண்டும். பரவலாக விற்கும் பாஷ் ஜி.எம்.எஸ். 120 கருவிக்கு அந்நிறுவனம் குறிப்பிடும் அதிகபட்ச ஆழம் இரும்புக்கு 120 மி.மீ., தாமிரத்துக்கு 80 மி.மீ., மின்னோட்டமுள்ள கம்பிக்கு 50 மி.மீ. மாடலின் பெயரிலுள்ள 120 என்ற எண் இரும்புக்கு மட்டுமே உரியது. அலமாரிக்கான திருகு சில அங்குலமே இறங்கும். கருவி காணும் ஆழம் துளையின் ஆழத்தைவிடக் கூடுதலாக இருந்தால் போதும். ஏ.சி. குழாய்க்காகச் சுவரை முழுவதும் துளைக்கும்போது மட்டும் இருபுறமும் ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கும்.

வாங்கிய கருவியை வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். சுவிட்ச் பெட்டிக்கு மேலே கம்பி செல்லும் பாதை நமக்குத் தெரியும். அங்கே கருவியைக் குறுக்காக நகர்த்தும்போது அந்தக் கோட்டில் ஒலிக்க வேண்டும். தெரிந்த கம்பியைக் காட்டாத கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நல்ல கருவி மௌனமாக இருந்தாலும், சுவிட்ச் பெட்டிக்கும் தண்ணீர்க் குழாய் முனைக்கும் நேர் மேலும் கீழும் துளையிடாமல் இருப்பதே பாதுகாப்பு. புதிய வீடு கட்டுவோர் பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவுடன் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பிற்காலத்தில் எந்த டிடெக்டரைவிடவும் அந்தப் படம் தெளிவாக வழிகாட்டும்.