20 ஆண்டுக்குப் பிறகு வந்த ரெயில்!

பாலம் கட்ட 5 மாதம். பயணிகள் ஏற 20 ஆண்டு

கடலோரத்தில் ஒரு ரெயில் பாலம். புயல் அதைப் பிய்த்து எறிந்தது. 5 மாதத்தில் பாலத்தைச் சரி செய்து விட்டார்கள். சரக்கு ரெயில் ஓடத் தொடங்கியது. ஆனால், அதே பாலத்தின் மீது பயணிகள் ரெயில் ஓடுவதற்கு 20 ஆண்டு ஆயிற்று!

இது நடந்தது அமெரிக்காவில். அந்த நாட்டின் தென்கோடியில், மெக்சிகோ வளைகுடா ஓரத்தில் நியூ ஆர்லியன்ஸ் என்ற நகரம் இருக்கிறது. மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள பழைய துறைமுக நகரம். பாட்டுக்கும் கூத்துக்கும் பேர் போன ஊர். அந்த ஊரிலிருந்து கிழக்கே கடலோரமாகச் சென்று வந்த பயணிகள் ரெயிலின் கதைதான் இது.

பேய்ப் புயல்

2005-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ந் தேதி. "கத்ரினா" என்ற புயல் கரை ஏறியது. காற்று மணிக்கு 125 மைல் வேகத்தில் வீசியது. மிசிசிப்பி மாநிலக் கடற்கரையில் கடல் 27 அடிக்கு மேல் பொங்கி எழுந்தது. மாடி வீடு உயரத்துக்குத் தண்ணீர் வந்தது.

நியூ ஆர்லியன்ஸ் நகரின் பல பகுதிகள் கடல் மட்டத்தை விடத் தாழ்ந்தவை. சுற்றிலும் கரை கட்டித்தான் ஊரைக் காப்பாற்றி வந்தார்கள். புயலில் அந்தக் கரைகள் பல இடங்களில் உடைந்தன. நகரத்தில் 100-க்கு 80 பங்கு வெள்ளத்தில் மூழ்கியது. மக்கள் கூரை மேல் ஏறி நின்று உதவி கேட்டுக் கதறினார்கள். கடலோர மாநிலங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள்.

புயல் வருவதற்கு முன்பு நடந்த ஒரு சம்பவத்தை அந்த ஊர் மக்கள் இன்றும் மறக்கவில்லை. ஆகஸ்டு 27-ந் தேதி இரவு, ஒரு ரெயில் வண்டி நியூ ஆர்லியன்சை விட்டுப் புறப்பட்டது. பெட்டிகளைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டு போவதற்காக அதை வெளியே எடுத்தார்கள். வண்டியில் ஒரு பயணி கூட இல்லை! "மக்களை ஏற்றிச் செல்ல இடம் தருகிறோம் என்று நகர அதிகாரிகளிடம் சொன்னோம்; அவர்கள் ஏற்றுக் கொள்ளவில்லை" என்று ரெயில் நிறுவனம் கூறியது. "எனக்கு அப்படி எந்தத் தகவலும் வரவில்லை" என்று மேயர் மறுத்தார். யார் சொன்னது சரியோ, வண்டி காலியாகவே போய் விட்டது.

ரெயில் நிலையம் சிறையானது

வெள்ளத்தில் நகரச் சிறைச்சாலையும் மூழ்கியது. பிடிபட்டவர்களை அடைத்து வைக்க இடம் இல்லை. உடனே, ரெயில் நிலையத்தையே சிறையாக மாற்றினார்கள்!

அந்த நிலையம் 1954-ல் திறக்கப்பட்டது. ஊரில் அங்கும் இங்குமாக இருந்த நிலையங்களை எடுத்து விட்டு, எல்லா ரெயிலும் வந்து நிற்க ஒரே நிலையமாகக் கட்டினார்கள். உள்ளே சுவர்களில் அந்த மாநிலத்தின் சரித்திரத்தைச் சித்திரமாகத் தீட்டி இருக்கிறார்கள். பஸ்களும் அங்கேதான் வந்து நிற்கும். பஸ் நிற்கும் இடத்தில் கம்பி வலை அடித்துக் கூண்டுகள் அமைத்தார்கள். பயணிகள் காத்திருந்த இடத்தில் கைதிகள் காத்திருந்தார்கள்.

ஏரிக்குள் விழுந்த தண்டவாளம்

நியூ ஆர்லியன்சுக்கு வடக்கே பாண்ட்சர்ட்ரெயின் என்ற பெரிய ஏரி இருக்கிறது. ஏரி என்று பெயரே தவிர, அக்கரை கண்ணுக்குத் தெரியாது. அதன் மீது 5 மைலுக்கு மேல் நீளமான ரெயில் பாலம் போகிறது. நியூயார்க்கில் இருந்து வரும் ரெயிலுக்கு அதுதான் வழி.

புயல் அந்தப் பாலத்தின் மேல் இருந்த தண்டவாளத்தை மைல் கணக்கில் பெயர்த்து ஏரிக்குள் தள்ளி விட்டது. நல்ல வேளையாக, கீழே தூண்கள் அசையாமல் நின்றன. தொழிலாளர்கள் மிதவைகளில் கிரேன்களைக் கொண்டு வந்தார்கள். தண்ணீருக்குள் கிடந்த தண்டவாளத்தைக் கட்டையோடு சேர்த்துத் தூக்கினார்கள். மறுபடியும் பாலத்தின் மேல் வைத்துப் பூட்டினார்கள். செப்டம்பர் நடுவிலேயே பாலம் தயார்! ஏறக்குறைய இரண்டு வாரத்தில் வேலை முடிந்து விட்டது.

அக்டோபர் மாதத்தில் சிகாகோ ரெயிலும் நியூயார்க் ரெயிலும் நியூ ஆர்லியன்சுக்கு மீண்டும் வந்தன. அடுத்து, மேற்கே லாஸ் ஏஞ்சல்ஸ் போகும் ரெயிலும் வந்தது. ஊர் பாதி காலியாகக் கிடந்த நேரம் அது. ரெயில் வந்து விட்டது என்றதும், ஊருக்கு உயிர் வந்தது போல இருந்தது.

கிழக்குத் திசை மட்டும் வெறிச்சோடிக் கிடந்தது.

கண்டங்களைக் கடந்த வண்டி

கிழக்கே போய்க் கொண்டிருந்த ரெயிலின் பெயர் "சன்செட் லிமிடெட்". மேற்குக் கடற்கரையில் லாஸ் ஏஞ்சல்சில் புறப்பட்டு, நியூ ஆர்லியன்ஸ் வரும். 1993-ம் ஆண்டு முதல், அங்கே நிற்காமல், கடலோரமாகவே புளோரிடா மாநிலம் வரை சென்றது. வாரத்தில் 3 நாள் ஓடியது.

அந்த வண்டிக்குக் கண்டம் புதிதல்ல. புளோரிடா வரை நீட்டிய அதே ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி, மொபீல் நகருக்கு அருகே ஒரு விபத்து நடந்தது. நள்ளிரவில், மூடுபனியில் வழி தவறிய படகு ஒன்று, தான் தள்ளி வந்த தோணிகளோடு ரெயில் பாலத்தில் மோதியது. பாலம் நகர்ந்து விட்டது. சிறிது நேரத்தில் வந்த ரெயில் தண்ணீரில் பாய்ந்தது. 47 பேர் பலியானார்கள். அதற்குப் பிறகும் ரெயில் ஓடியது. பாலம் இடிந்த போதும் நிற்காத அந்தச் சேவை, கத்ரினா புயலோடு நின்று போனது.

கடலோரத்தில் நியூ ஆர்லியன்சுக்கும் மொபீல் நகருக்கும் நடுவே ஆறுகளும் உப்பங்கழிகளும் ஏராளம். ரெயில் பாதை பாலத்துக்கு மேல் பாலமாகத் தாண்டிச் செல்லும். பே செயிண்ட் லூயிஸ் என்ற ஊரில் உள்ள பாலம் மட்டும் சுமார் 2 மைல் நீளம். புயலில் அதன் மேல்பகுதி அடித்துச் செல்லப்பட்டது. தூண்கள் மட்டும் பல் வரிசை போலத் தண்ணீரில் நின்றன.

பாதைக்குச் சொந்தக்காரர் "சி.எஸ்.எக்ஸ்." என்ற தனியார் சரக்கு ரெயில் கம்பெனி. 25 கோடி டாலருக்கு மேல் செலவு செய்து, இரவு பகலாக வேலை செய்து, 2006 ஜனவரியில் பாதையைத் திறந்து விட்டது. சரக்கு ரெயில்கள் ஓடின. பயணிகள் ரெயில் வரவில்லை.

ஏன் வரவில்லை?

அமெரிக்காவில் நீண்ட தூரப் பயணிகள் ரெயிலை நடத்துவது "ஆம்டிராக்" என்ற நிறுவனம். அரசாங்கப் பணத்தில் 1971-ல் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு தனியார் கம்பெனிகளே பயணிகள் ரெயிலையும் ஓட்டின. அதில் நஷ்டம் வந்தது. "பயணிகளை ஆம்டிராக் பார்த்துக் கொள்ளும். நீங்கள் சரக்கை ஏற்றுங்கள். ஆனால், உங்கள் தண்டவாளத்தில் அதன் வண்டிக்கு இடம் விட வேண்டும்" என்று ஏற்பாடு ஆயிற்று.

வண்டி ஒருவருக்குச் சொந்தம். தண்டவாளம் இன்னொருவருக்குச் சொந்தம். தகராறின் வேர் இதுதான்.

ரெயிலை நிரந்தரமாக நிறுத்துவதானால், 180 நாட்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அப்படி அறிவிப்பு எதுவும் வரவில்லை. "நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது" என்று மட்டும் சொன்னார்கள். தற்காலிகம் என்று சொன்னது ஆண்டுக் கணக்கில் நீண்டது.

2006-ல் இன்னொரு யோசனையும் வந்தது. ரெயில் பாதையைக் கடலோரத்தை விட்டு உள்ளே தள்ளிப் போட்டு விட்டு, பழைய இடத்தில் சாலை போடலாம் என்றார்கள். அதற்கு 70 கோடி டாலர் கேட்டார்கள். "இப்போதுதானே பழுது பார்த்தீர்கள்? மறுபடியும் பெயர்ப்பதா?" என்று எதிர்ப்புக் கிளம்பியது. திட்டம் கைவிடப்பட்டது.

ரெயில் என்றால் உயிர்

ரெயில் எதற்கு, கார் இல்லையா என்று சிலர் கேட்டார்கள். கத்ரினா புயலின்போது வெளியேற முடியாமல் சிக்கியவர்களில் பலர், கார் இல்லாத ஏழைகள், முதியவர்கள், நோயாளிகள்.

2008-ல் "குஸ்தாவ்" என்ற புயல் வந்தது. இந்தத் தடவை அதிகாரிகள் விழித்துக் கொண்டார்கள். சிறையாக இருந்த அதே ரெயில் நிலையத்துக்கு மக்களை அழைத்து வந்தார்கள். ஆம்டிராக் ரெயில்களில் ஏற்றி, வடக்கே உள்ள மெம்பிஸ் நகருக்கு அனுப்பினார்கள். மூன்று ஆண்டுக்கு முன்பு காலியாகப் போனது ரெயில். இப்போது ஆட்களோடு போயிற்று!

அதே ஆண்டு அமெரிக்கப் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. கடலோர ரெயிலை மீண்டும் விடுவது பற்றித் திட்டம் தர வேண்டும் என்று அதில் கூறியது. 2009-ல் ஆம்டிராக் அறிக்கை கொடுத்தது. அறிக்கை வந்தது, பணம் வரவில்லை.

லூசியானா, மிசிசிப்பி, அலபாமா ஆகிய 3 மாநிலங்களும் சேர்ந்து 1982-ல் அமைத்த தென்பகுதி ரெயில் ஆணையம், விடாமல் முயன்றது. 2016 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்சில் இருந்து புளோரிடாவுக்கு ஒரு சோதனை ரெயில் விட்டார்கள். அதில் அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே போனார்கள். ஆனாலும், வழி நெடுகக் கூட்டம்! குழந்தைகளைத் தோளில் தூக்கிக் கொண்டு ஜனங்கள் நிலையங்களுக்கு வந்து விட்டார்கள். வாத்திய முழக்கத்தோடு வரவேற்றார்கள். இந்த மக்களுக்கு ரெயில் வேண்டுமா என்ற கேள்விக்கு அன்று விடை கிடைத்தது.

வழக்கு மன்றத்தில்

நீண்ட தூர ரெயிலுக்குப் பதில், முதலில் நியூ ஆர்லியன்சுக்கும் மொபீலுக்கும் நடுவே விடுவோம் என்று முடிவு செய்தார்கள். 140 மைலுக்குச் சற்று அதிகமான தூரம். அதற்கும் முட்டுக்கட்டை விழுந்தது.

மொபீல், அலபாமா மாநிலத்தின் துறைமுகம். "பயணிகள் ரெயில் வந்தால் எங்கள் சரக்கு தேங்கி விடும், தொழில் கெட்டு விடும்" என்று துறைமுகத்தார் பயந்தார்கள். சரக்கு ரெயில் கம்பெனிகளும் அதையே சொன்னார்கள். "கூடுதல் தண்டவாளம் போடுங்கள். அதற்கு 44 கோடி டாலர் ஆகும்" என்றார்கள். "அவ்வளவு எதற்கு? ஒரு நாளைக்கு 2 தடவை போய் வரும் வண்டிதானே?" என்று ஆம்டிராக் கேட்டது.

அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. பாதையில் பல இடங்களில் ஒரே தண்டவாளம். படகு வந்தால் திறந்து வழிவிடும் பாலங்களும் இருக்கின்றன. படகு போகும் வரை ரெயில் காத்து நிற்க வேண்டும்.

2021 மார்ச்சில் ஆம்டிராக், தரைப் போக்குவரத்து வாரியத்திடம் முறையிட்டது. ரெயில் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பு அது. 2022-ல் 11 நாட்கள் விசாரணை நடந்தது. சாட்சிகள் வந்தார்கள்; கணக்குகள் அலசப்பட்டன. தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2022 நவம்பரில் எல்லாத் தரப்பும் சமரசம் செய்து கொண்டன.

ஊர் கூடி இழுத்த தேர்

2023-ல் மத்திய அரசு சுமார் 17 கோடியே 80 லட்சம் டாலர் ஒதுக்கியது. பாதையும் நிலையங்களும் மேம்படுத்தப்பட்டன. மொபீல் ஊரில் இருந்த ரெயில் நிலையக் கட்டிடம் கத்ரினாவில் பாழாகி, பிறகு இடிக்கப்பட்டிருந்தது. எனவே, ஆற்றங்கரைப் பூங்கா அருகே புதிய பிளாட்பாரம் அமைத்தார்கள். சரக்கு ரெயிலுக்குக் குறுக்கே நிற்காமல் பயணிகள் வண்டி ஒதுங்கி நிற்பதற்குத் தனித் தண்டவாளமும் போட்டார்கள். துறைமுகத்தாரின் பயம் இப்படித் தீர்ந்தது.

செலவில் பங்கு கொடுப்பதா, வேண்டாமா? மொபீல் நகரசபையில் நீண்ட விவாதம் நடந்தது. 2024 ஆகஸ்டில், கொடுப்பது என்று முடிவாயிற்று. ஊர் கூடினால்தானே தேர் நகரும்!

2025 ஆகஸ்டு 16-ந் தேதி, அழைக்கப்பட்டவர்களோடு தொடக்க விழா ரெயில் ஓடியது. 18-ந் தேதி, டிக்கெட் வாங்கிய பொதுமக்கள் ஏறினார்கள். கத்ரினா அடித்து 20 ஆண்டு நிறைவதற்கு 11 நாட்களே இருந்தன.

ரெயிலுக்கு "மார்டி கிரா" என்று பெயர் வைத்தார்கள். அது கிறிஸ்தவர்களின் நோன்பு காலத்துக்கு முந்திய நாள் நடக்கும் திருவிழா. வேஷம் போட்டு, வாத்தியம் முழங்க ஊர்வலம் வருவார்கள். வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கு மணிமாலைகளை வீசுவார்கள். இந்த விழாவுக்கு உலகப் புகழ் பெற்ற ஊர் நியூ ஆர்லியன்ஸ். "எங்கள் ஊரில் 1703-லேயே கொண்டாடி விட்டோம்" என்று பெருமை பேசும் ஊர் மொபீல். இரண்டு ஊருக்கும் பொதுவான பெயர்!

காலையில் ஒரு ரெயில், மாலையில் ஒரு ரெயில். இரு திசையிலும் அப்படியே. நடுவில் பே செயிண்ட் லூயிஸ், கல்ப்போர்ட், பிலக்சி, பாஸ்ககுலா என்ற 4 ஊர்களில் நிற்கும். பயண நேரம் 4 மணிக்குச் சற்றுக் குறைவு. தொடக்கத்தில் டிக்கெட் 15 டாலரில் இருந்து கிடைத்தது. காலையில் நியூ ஆர்லியன்சுக்குப் போய் டாக்டரையோ உறவினரையோ பார்த்து விட்டு, மாலை வண்டியில் வீடு திரும்பி விடலாம். பழைய ரெயிலில் அந்த வசதி இல்லை.

மொபீலுக்குக் கிழக்கே, புளோரிடா வரை உள்ள ஊர்களில் 2025-ல் அந்த ரெயில் ஓடத் தொடங்கிய போதும் விடிவு பிறக்கவில்லை. அங்குள்ள நிலையங்களில் சரக்கு ரெயில்கள் நிற்காமல் போய்க் கொண்டிருந்தன.

புயல் இரும்பை முறித்தது. அதை ஒட்ட வைக்க 5 மாதம் போதுமாக இருந்தது. யார் பணம் கொடுப்பது, யார் வழிவிடுவது என்று மனிதர்கள் பேசி முடிக்கத்தான் 20 ஆண்டு ஆயிற்று. புயலின்போது கைக்குழந்தையாக இருந்தவர்கள், வாலிபர்களாகி அந்த ரெயிலில் ஏறினார்கள்.