பணம் போச்சா, போகலையா? பட்டாசுத் திரி சொல்லும் டிசைன் ரகசியம்

டீக்கடையில் யுபிஐ-யில் பணம் அனுப்புறீங்க. திரையில் வட்டம் சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. போச்சா, போகலையா? மறுபடி அனுப்பலாமா?

தீபாவளிக்கு வாங்கிய சிவகாசி வெடியிலும் இதே குழப்பம் வரும். திரியைப் பத்த வச்சாச்சு, ஓடி வந்தாச்சு. சத்தத்தைக் காணோம். ‘அணைஞ்சிருச்சோ’ன்னு ஒருத்தர் கிட்டப் போய்க் குனிவார். டீக்கடையில் தப்பு நடந்தால் பணம் இரண்டு தடவை போகும். இங்கே கண்ணே போகலாம்.

கருவியோ செயலியோ, நாம் செய்ததற்கு ‘ஆச்சு’ அல்லது ‘ஆகலை’ என்று உடனே பதில் சொல்லணும். இதற்கு ஃபீட்பேக் என்று பெயர். அன்றாடப் பொருட்களின் வடிவமைப்பு பற்றி 1988-ல் புத்தகம் எழுதிய அமெரிக்க அறிஞர் டொனால்ட் நார்மன் வலியுறுத்திய விஷயங்களில் இதுவும் ஒன்று. அவர் கதவு, அடுப்பு, ஸ்விட்சை வைத்து விளக்கினார். நமக்கு விருதுநகர் மாவட்டத் தீப்பெட்டியே போதும்.

பெட்டியின் பக்கவாட்டில் மருந்துப் பட்டை. ‘இங்கே உரசவும்’ என்று எழுதாவிட்டாலும் கை அங்கேதான் போகுது. செயலியில் பட்டன் என்றால் பட்டன் மாதிரியே தெரியணும் என்பது இதனால்தான். பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ், குச்சி முனையில் பொட்டாசியம் குளோரேட். இரண்டையும் பிரித்து வைத்ததால் கண்ட இடத்தில் உரசினால் பொதுவாகப் பத்தாது. இந்தியாவில் 1913-ல் சட்டம் போட்டுத் தடுத்த வெள்ளை பாஸ்பரஸ் குச்சி அப்படியில்லை, சொரசொரப்பாக எது கிடைத்தாலும் பத்திக்கும். (அதைச் செய்த தொழிலாளர்களின் தாடை எலும்பையும் அரித்தது.) தப்பு செய்ய வழியில்லாமல் பண்ணுவதும் டிசைன்தான். மொபைல் எண்ணில் பத்து இலக்கமும் நிரம்பும்வரை ‘அனுப்பு’ பட்டன் மங்கலாகவே இருக்குமே, அதே வேலை.

சேவல், அணில் படங்களைச் சொல்லவே வேண்டாம். எழுத்துத் தெரியாதவரும் படத்தைச் சொல்லி வாங்கிடுவார். ஐகான்களோடு ஜெராக்ஸ் ஸ்டார் கணினி விற்பனைக்கு வந்ததே 1981-ல்தான்.

திரிக்கு வருவோம். பொறி விட்டு எரியும்வரை அது நல்ல லோடிங் பார். எவ்வளவு மிச்சம், ஓட நேரம் இருக்கா, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நெருப்பு காகிதச் சுற்றுக்குள் நுழைந்த பிறகுதான் சிக்கல். உள்ளே கனலுதா, அணைஞ்சதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒண்ணுதான்.

யுபிஐ ‘பெண்டிங்’கும் அப்படித்தான். பதில் வர ஒரு நொடி தாண்டினாலே தாமதம் உறுத்தும், பத்து நொடி தாண்டினால் கவனம் சிதறும் என்பது வடிவமைப்பு நிபுணர் ஜேக்கப் நீல்சன் சொன்ன கணக்கு. நல்ல செயலி வெறும் வட்டத்தைச் சுத்த விடாது. ‘நிலுவையில் உள்ளது, மறுபடி அனுப்ப வேண்டாம்’ என்று பரிவர்த்தனை எண்ணோடு எழுதிக் காட்டும். கணக்கில் கழிந்தும் கடைக்கு உறுதியாகாத பணம் அடுத்த 5 நாட்களுக்குள் தானாகத் திரும்பணும் என்பது 2019-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி.

வெடிக்கு அப்படி எழுதிக் காட்டத் திரை கிடையாது. அதனால், வெடிக்காத வெடி பக்கம் போகாதீங்க. நல்லா நேரம் விட்டு, தள்ளி நின்னு, வாளித் தண்ணியை ஊத்திடுங்க.