எஸ்5: ஆர்என்ஏவைப் பற்றும் புரதம்

இன்றைய கடலூர் மாவட்டத்தின் சிதம்பரத்தில் 1952இல் பிறந்தவர் வெங்கி ராமகிருஷ்ணன். உயிரணுவில் புரதங்கள் உருவாகும் இடம் ரைபோசோம். அதன் அமைப்பை ஆராய்ந்ததற்காக ராமகிருஷ்ணன் 2009இல் வேதியியல் நோபல் பரிசை தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

ரைபோசோம், ஆர்என்ஏவும் புரதங்களும் பின்னிய கட்டமைப்பு. அந்தப் புரதங்களுள் ஒன்று எஸ்5.

எஸ்5இன் அமைப்பு எப்படித் தெரிந்தது?

வெப்பம் தாங்கும் ஒரு பாக்டீரியாவின் எஸ்5 மரபணுவை ஆய்வாளர்கள் ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தினார்கள். ஈ. கோலை பெருகியபோது எஸ்5 ஏராளமாகக் கிடைத்தது. அதைச் சுத்திகரித்து, படிகமாக்கி, எக்ஸ் கதிர் பாய்ச்சினார்கள். அதன் அமைப்பும், எந்தப் பகுதிகள் ஆர்என்ஏவைப் பற்றக்கூடும் என்பதும் புலப்பட்டன. ராமகிருஷ்ணனும் ஸ்டீபன் வொயிட்டும் 1992இல் இதை வெளியிட்டனர். எஸ்5 இடம்பெறும், ரைபோசோமின் சிறு துணையலகு முழுவதன் அமைப்பையும் ராமகிருஷ்ணனின் குழு 2000இல் வெளியிட்டது.

இன்று

மனித மரபணுவை இதே முறையில் ஈ. கோலைக்குள் சேர்த்து, மனிதரின் ஆர்என்ஏ பிணைப்புப் புரதங்களையும் தயாரிக்கிறார்கள். ஈ. கோலையில் சரியாக மடியாத புரதங்களுக்குப் பூச்சி அல்லது பாலூட்டி உயிரணுக்களை நாடுகிறார்கள். ஆய்வகப் பயன்பாட்டுக்கென விற்கப்படும் இத்தகைய புரதங்கள் மருந்துகள் அல்ல.