பனிக்கு அடியில் 15 நிமிடம்!

பனி பஞ்சு போல் இருக்கிறது. கையில் அள்ளினால் உருகிப் போகிறது. ஊதினால் பறக்கிறது.

இந்தப் பனி ஆளைக் கொல்லுமா?

கொல்லும்! மலைச்சரிவில் படிந்திருக்கும் பனி ஒரேயடியாகப் பெயர்ந்து கீழே பாய்ந்தால் அதன் முன்னே மனிதன் நிற்க முடியாது. மரம் நிற்க முடியாது. வீடு கூட நிற்க முடியாது.

இதற்குப் பெயர் "பனிச்சரிவு".

ஐரோப்பாவில் உள்ள ஆல்ப்ஸ் மலையில், ஆண்டுதோறும் சுமார் 100 பேர் பனிச்சரிவில் சிக்கிச் சாகிறார்கள். அமெரிக்காவில் சராசரியாக ஆண்டுக்கு 25 பேருக்கு மேல் சாகிறார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் மலையில் குடியிருப்பவர்கள் அல்ல. அங்கே வேலைக்குப் போனவர்களும் அல்ல. உல்லாசமாக விளையாடப் போனவர்கள்!

என்ன விளையாட்டு?

அங்கே இரண்டு விளையாட்டுகள் உண்டு.

ஒன்று, பனிச்சறுக்கு. நீளமான மெல்லிய பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு மலை உச்சியிலிருந்து சறுக்கி வருவது.

மற்றொன்று, பனி மோட்டார் சவாரி. இது மோட்டார் சைக்கிள் போன்ற வண்டி. ஆனால் சக்கரம் கிடையாது. முன்னால் சறுக்குக் கட்டைகள் இருக்கும். பின்னால் அகலமான பட்டை சுழன்று வண்டியைத் தள்ளும். கனடா நாட்டைச் சேர்ந்த பொம்பார்டியே என்பவர் 1959-ம் ஆண்டில் "ஸ்கீ-டூ" என்ற சிறிய வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதன் பிறகு இந்த விளையாட்டு வேகமாகப் பரவியது.

பனிச்சறுக்குக்கென்று தனியாக மைதானங்கள் இருக்கின்றன. அங்கே காவலர்கள் உண்டு. ஆபத்தான இடங்களில் அவர்களே காலையில் வெடி வைத்துப் பனியைச் சரித்து விடுவார்கள். அதன் பிறகுதான் ஆட்களை உள்ளே விடுவார்கள்.

ஆனால் பலருக்கு அந்த மைதானம் போதவில்லை. யாருடைய காலும் படாத புதுப்பனியில் பாய்ந்து போகவேண்டும் என்று ஆசை. எல்லையைத் தாண்டிக் காட்டு மலைக்குப் போகிறார்கள். அங்கே காவலர் இல்லை. வெடி வைப்பவரும் இல்லை.

எமன் காத்திருப்பது அங்கேதான்!

போனவர்கள் 11 பேர்

கனடாவின் மேற்குப் பகுதியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இருக்கிறது. அங்கே ஸ்பார்வுட் ஒரு சின்ன ஊர். நிலக்கரிச் சுரங்கம்தான் அந்த ஊருக்குச் சோறு போடுகிறது.

2008-ம் ஆண்டு டிசம்பர் 28-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

அந்த ஊர்க்காரர்கள் 11 பேர் பனி மோட்டாரில் ஏறி ஹார்வி கணவாய்ப் பக்கம் போனார்கள். 7 பேர் ஓர் இடத்தில் இருந்தார்கள். மற்ற 4 பேர் சற்றுத் தள்ளி இருந்தார்கள்.

திடீரென்று மலையிலிருந்து பனி சரிந்தது. 7 பேரும் புதைந்து போனார்கள்!

மற்ற 4 பேரும் சும்மா இருப்பார்களா? ஓடோடி வந்தார்கள். நண்பர்களைத் தேடித் தோண்டினார்கள்.

அப்போது இரண்டாவது பனிச்சரிவு! தோண்டிக் கொண்டிருந்தவர்களையும் அது மூடிவிட்டது.

இரண்டு பேர் எப்படியோ தட்டுத்தடுமாறி வெளியே வந்தார்கள். இன்னொருவரைத் தோண்டி எடுத்தார்கள். ஆனால் மலை இன்னும் அடங்கவில்லை. அங்கேயே நின்றால் மூன்று பேரும் சாக வேண்டியதுதான். நண்பர்களைப் பனிக்குள் விட்டுவிட்டு, மூவரும் அங்கிருந்து கிளம்பினார்கள்.

எந்த மனம் அதைத் தாங்கும்?

போனவர்கள் 11 பேர். உயிரோடு திரும்பியவர்கள் 3 பேர். மற்ற 8 பேரும் பிணமாகத்தான் வீடு வந்தார்கள். அந்தச் சின்ன ஊரே அழுதது.

பனி ஏன் சரிகிறது?

பனி ஒரே கட்டியாக இருப்பதில்லை. ஒவ்வொரு முறை விழும்போதும் ஒவ்வோர் அடுக்காகப் படிகிறது. சில அடுக்கு கெட்டியாக இருக்கும். சில அடுக்கு சர்க்கரை போல், ஒட்டாமல் உதிரியாக இருக்கும். அந்த உதிரி அடுக்கின் மேல் புதுப்பனி விழுந்து, காற்றடித்து இறுகினால் ஆபத்துதான்.

ஒரு தாம்பாளத்தில் கேழ்வரகைப் பரப்புங்கள். அதன் மேல் ஒரு பலகையை வையுங்கள். தாம்பாளத்தைச் சாயுங்கள். என்ன ஆகும்? பலகை அப்படியே வழுக்கிக்கொண்டு ஓடும்.

மலையிலும் இதுதான் நடக்கிறது. பலகை போன்ற பனி, கண்ணாடி உடைவது போல் விரிசல் விட்டுக் கிளம்புகிறது. சில வினாடியில் மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தை எட்டிவிடுகிறது.

எந்த மலையும் இப்படிச் சரியுமா? இல்லை. 30 முதல் 45 டிகிரி வரை சாய்வு உள்ள இடங்களில்தான் பெரும்பாலும் சரிகிறது. அதாவது நம் வீட்டு மாடிப்படியின் சாய்வும், அதைவிடச் செங்குத்தான சாய்வும். சறுக்கி விளையாட ஆசை வருவதும் அந்தச் சாய்வில்தான்!

தானே தேடும் சாவு

மலையில் கூச்சல் போட்டால் பனி சரியும் என்று சினிமாவில் காட்டுகிறார்கள். அது கட்டுக்கதை. சத்தத்தால் பனி சரிவதில்லை. எடையால்தான் சரிகிறது.

ஆளைக் கொன்ற பனிச்சரிவுகள் பத்தில் ஒன்பது, தானாகக் கிளம்பியவை அல்ல. செத்தவரோ, அவருடன் வந்தவரோ பனியின் மேல் போனதால் கிளம்பியவை!

பனி மோட்டார்க்காரர்கள் ஒரு பந்தயம் கட்டுவார்கள். செங்குத்தான சரிவில் யார் அதிக உயரம் ஏறித் திரும்புவது என்று போட்டி. ஒருவர் ஏறுவார். அவர் வண்டி சிக்கிக்கொண்டால் உதவிக்கு இன்னொருவர் ஏறுவார். மற்றவர்கள் அடிவாரத்தில் கூட்டமாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள். மேலே பனி பெயர்ந்தால் எல்லோரும் காலி!

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் டர்னகெய்ன் கணவாயில், 1999-ம் ஆண்டு மார்ச் 21-ந்தேதி பனி மோட்டார்க்காரர்கள் 6 பேர் ஒரே பனிச்சரிவில் மடிந்தார்கள்.

நம் நாட்டிலும் இந்த ஆபத்து உண்டு. காஷ்மீரில் உள்ள குல்மார்க்கில் 2024-ம் ஆண்டு பிப்ரவரியில், பனிச்சறுக்கு விளையாட வந்த ஒரு ரஷ்யர் பனிச்சரிவில் இறந்தார்.

இளவரசரையும் விடவில்லை

நெதர்லாந்து நாட்டின் முன்னாள் அரசி பியாட்ரிக்ஸின் இரண்டாவது மகன் இளவரசர் ஃபிரிசோ. இவர் 2012-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந்தேதி ஆஸ்திரியாவில் லெக் என்ற ஊரில், மைதானத்துக்கு வெளியே சறுக்கப் போனார். "இன்று ஆபத்து அதிகம்" என்று அன்று எச்சரிக்கை இருந்தது.

பனி சரிந்து இளவரசரை மூடியது. கூடப் போன நண்பர் தப்பினார். இளவரசரைத் தோண்டி எடுக்கச் சுமார் 25 நிமிடம் ஆகிவிட்டது. மூச்சுக் காற்று கிடைக்காமல் மூளை கெட்டுவிட்டது. ஒன்றரை ஆண்டு காலம் நினைவு சரியாகத் திரும்பாமலே இருந்து, 2013-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந்தேதி இறந்தார். வயது 44.

25 நிமிடம் என்ன பெரிய நேரமா? ஆம், பனிக்கு அடியில் அது பெரிய நேரம்!

பனிச்சரிவு நின்றதும் பனி சிமெண்டு போல் இறுகிவிடும். விரலைக் கூட அசைக்க முடியாது. விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே தங்கும். குளிரால் சாவதற்கு முன்பே மூச்சு முட்டிச் செத்துப் போகிறார்கள்.

புதைந்தவரை 15 நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் 10 பேரில் சுமார் 9 பேர் பிழைக்கிறார்கள். அரை மணிக்கு மேல் ஆனால் 10 பேரில் சுமார் 3 பேர்தான் பிழைக்கிறார்கள்.

ஊரிலிருந்து போலீசும் ஹெலிகாப்டரும் வருவதற்குள் இந்த நேரம் போய்விடும். ஆகவே, காப்பாற்றக் கூடியவர் கூட வந்தவர் மட்டும்தான்!

மூன்று கருவிகள்

இதற்காக மூன்று கருவிகளை ஒவ்வொருவரும் எடுத்துப் போகவேண்டும்.

ஒன்று, மார்பில் கட்டிக்கொள்ளும் சிறிய ரேடியோ. இது ஓயாமல் சைகை அனுப்பும். ஒருவர் புதைந்தால், மற்றவர்கள் தங்கள் ரேடியோவைத் திருப்பி வைத்து அவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

இரண்டு, மடக்குக் கம்பி. இதைப் பனியில் குத்திப் பார்த்து, ஆள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறார் என்று அறியலாம்.

மூன்று, மண்வாரி. இறுகிய பனியை வெறும் கையால் தோண்ட முடியாது.

இப்போது காற்றுப் பையும் வந்திருக்கிறது. முதுகுப் பையில் உள்ள கைப்பிடியை இழுத்தால் பெரிய பலூன் போல் ஊதிக்கொள்ளும். அரிசியும் கடலையும் கலந்த டப்பாவைக் குலுக்கினால் பெரிய கடலை மேலே வரும் அல்லவா? அது போல, பை ஊதிய ஆளும் பனியின் மேல்பக்கம் வருவார்.

ஆனால் இவை எல்லாம் விழுந்த பிறகு உதவுபவை. பாறையிலும் மரத்திலும் மோதிச் சாகிறவர்களை எந்தக் கருவியும் காப்பாற்றாது.

வாய் திறக்காத கெட்டிக்காரர்கள்

இளவரசர் புதைந்து இரண்டே நாள். பிப்ரவரி 19-ந்தேதி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்டீவன்ஸ் கணவாய் அருகே இன்னொரு விபத்து. பத்துப் பேருக்கு மேல் ஒன்றாகச் சறுக்கப் போனார்கள். எல்லோரும் கைதேர்ந்தவர்கள். ஆபத்து உண்டு என்று அவர்களுக்குத் தெரியும். சிலருக்கு உள்ளூர பயமும் இருந்தது.

ஆனால், "வேண்டாம், திரும்பிப் போவோம்" என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. இத்தனை கெட்டிக்காரர்கள் இருக்கும்போது நாம் என்ன சொல்வது என்று இருந்துவிட்டார்கள்.

பனி சரிந்தது. 3 பேர் மாண்டார்கள். ஒரு பெண் காற்றுப் பையால் பிழைத்தார்.

மலை சொல்லும் எச்சரிக்கை

பனிமலை உள்ள நாடுகளில் தினமும் ஆபத்தை 1 முதல் 5 வரை எண் போட்டு அறிவிக்கிறார்கள். "3 என்றால் நடுத்தரம்தானே" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 3 என்று அறிவித்த நாட்களில்தான் மிகப் பலர் சாகிறார்கள்.

மலையும் எச்சரிக்கிறது. பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி சரிந்திருந்தால் ஆபத்து. காலடியில் "உம்ப்" என்று சத்தம் வந்தால் ஆபத்து. பனியில் விரிசல் ஓடினால் ஆபத்து. பெரும் பனி விழுந்த மறுநாளும், திடீரென்று வெயில் ஏறிய நாளும் ஆபத்து.

அன்று செங்குத்தான சரிவுப் பக்கமே போகக்கூடாது. மற்ற நாட்களிலும் ஒருவர் பின் ஒருவராகத்தான் சரிவைக் கடக்க வேண்டும். மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று கண் இமைக்காமல் பார்க்க வேண்டும். புதைந்தவரைத் தோண்டப் போகும் முன்பு, மேலே இன்னும் பனி தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் மேலாக, "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், மற்றவர்கள் சிரிக்காமல் கேட்க வேண்டும்.

மலை எங்கும் ஓடிவிடாது. இன்று திரும்பி வந்தவர், நாளை மறுபடியும் போய் விளையாடலாம்!