காடைகளின் கால் காயமும் கழிவு நூலும்

ஜப்பானியக் காடை நமது நாட்டிற்கு 1974-ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்டது. சிறிய இடமும் சொற்பத் தீனியும் போதுமாதலால், அங்கத்தினர் பலர் வீட்டில் நாலைந்து காடைகளைப் பிரியத்துடன் வளர்த்து வருகின்றனர். கிளையில் அமராமல் தரையிலேயே காலங்கழிக்கும் பறவை இது. ஆகவே, தரையின் குற்றம் யாவும் பாதத்தில் வந்து சேருகின்றது.

நெசவாளர் வீடுகளுக்கே உரிய ஓர் அபாயத்தை முதலில் கூறுவோம். தறியடியில் சேரும் கழிவு நூலைக் கூண்டில் மெத்தையாகப் பரப்பியிருப்பதை, தணிக்கைக்குச் செல்லும் ஊர்களில் நாம் கண்டிருக்கிறோம். நல்லெண்ணத்துடன் செய்வதுதான், ஆயினும் இதனினும் கெடுதலான மெத்தை வேறில்லை. நூலிழை விரலைச் சுற்றிக்கொள்ளும். பறவை நடக்க நடக்க இறுகும். இரத்த ஓட்டம் தடைப்பட்டு, விரல் வீங்கிக் கறுத்து, இறுதியில் உதிர்ந்தும் போகும். தலைமயிரும் இத்தீங்கையே செய்யும்.

இழையை இழுத்து அறுக்க முயலலாகாது. காடையை மெல்லிய துணியில் தளர்வாகச் சுற்றிப் பிடிக்க வேண்டும். மார்பெலும்பு அசைந்தால்தான் பறவை மூச்சுவிட முடியும் என்பதால், மார்பை அழுத்துவது உயிருக்கே ஆபத்து. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, பாதத்தைப் பத்து நிமிஷம் ஊறவைக்கலாம். பின்னர் நல்ல வெளிச்சத்தில், சிறு கத்தரிக்கோல் நுனியால் இழையைத் துண்டித்து எடுக்கலாம். தசையில் பதிந்துவிட்ட இழையைக் கால்நடை மருத்துவரிடம் விட்டுவிடுவதே விவேகம். விரல்களில் உருண்டையாகக் காய்ந்த எச்சத்தையும் இவ்வாறே ஊறவைத்து நீக்க வேண்டும். பிய்த்தால் நகமும் உடன் வரும்.

சிறு கீறலாயின், கழுவிய பின் போவிடோன் அயோடினை வெளிறிய தேநீர் நிறம் வரும்வரை நீரில் கலந்து தடவி, உலரவைத்து, தனிக்கூண்டில் விட்டால் போதும். இரத்தத்தைக் கண்டால் மற்றக் காடைகள் கொத்தும். கழுவாமல் மஞ்சளை அப்பும் வழக்கம் சரியன்று. அது அழுக்கை உள்ளே வைத்து மூடுவதாகும்.

உள்ளங்காலில் வீக்கமும் நடுவே கறுத்த பொருக்கும் தோன்றினால் விஷயம் வேறு. தோலின் வெடிப்பு வழியே கிருமி புகுந்ததன் அடையாளம் அது. பறவையின் சீழ் மனிதருடையதைப் போல் நீர்த்து ஓடாது. பாலாடைக்கட்டிபோல் இறுகி நிற்கும். ஆதலால் பிதுக்கினால் வெளிவராமல் ஆழமாகவே பரவும். பிளேடால் கீறுவதும் வேண்டாம். தசைநாண் அருகிலேயே உள்ளது. வீக்கம் காலின் மேல் ஏறினாலும், பறவை தீனி மறுத்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுக. மனிதருக்குரிய வலி மாத்திரை கொடுக்கலாகாது.

மருத்துவர் கிருமிக்கொல்லி மருந்து கொடுப்பின், அவர் குறிப்பிடும் நாள்வரை அக்காடையின் முட்டையை உண்பதோ விற்பதோ கூடாது. நாலு முட்டைதானே என்று கூடையில் சேர்ப்பது, வாங்குபவர் நம்மீது வைத்த நம்பிக்கைக்குத் துரோகமாகும்.

மெத்தைக்கு உலர்ந்த நெல் உமியோ மரச்சீவலோ ஏற்றது. நனைந்த பகுதியை அன்றன்றே அகற்றுக. கம்பிவலைத் தரையாயின், ஒரு மூலையிலாவது பலகை இடுக. வழவழப்பான செய்தித்தாளில் குஞ்சுகளின் கால்கள் அகன்று வழுக்கி ஊனமாகும். முதல் வாரம் விளிம்பு மடித்துத் தைத்த முரட்டுத் துணி விரிக்கலாம். கழிவு நூலையோ, இயந்திரம் துடைப்பதற்கென விலைகொடுத்து வாங்குவோர் உளர்.